‘லாஸ்ட் நேம்’ பெட்டியில் ஒரு புள்ளி: மென்பொருளை மதிப்பிடும் வழிகளில் எதைத் தேர்வது?

சில ஆண்டுகளுக்கு முன், மாவட்டத் தலைநகர் ஒன்றிலுள்ள நடுத்தர அளவிலான தனியார் மருத்துவமனையில், வெளிநோயாளர் பதிவு கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஓடிக்கொண்டிருந்த பதிவு மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதித் தர ஒப்புக்கொண்ட சிறு குழுவில் நானும் ஒருவன். பழைய திரையில் ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டுமே சிவப்பு நட்சத்திரமிட்ட கட்டாயப் பெட்டிகள். தந்தை பெயரின் முதலெழுத்தோடு தன் பெயரைச் சொன்ன மூதாட்டி ஒருவருக்காகக் கவுன்டர் ஊழியர் முதல் பெட்டியில் பெயரை அடித்தார். இரண்டாவது பெட்டியில் ஒரு முற்றுப்புள்ளியை வைத்தார். பிறந்த தேதி கேட்கும் இடத்தில், ‘எழுபது இருக்கும்மா’ என்ற பதிலை மனக்கணக்காகக் கழித்து, அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று நிரப்பினார். அடுத்து வந்தவருக்கும் புள்ளி. அதற்கடுத்தவருக்கும் புள்ளி, ஜனவரி 1. பழைய அட்டையைத் தொலைத்துவிட்டு வந்த ஒருவரைத் தேட வேண்டியபோது திரை எந்த வகையிலும் உதவவில்லை. ஊழியர் விசைப்பலகைக்கு அடியிலிருந்து நீள நோட்டு ஒன்றை உருவினார். அதில் தொலைபேசி எண்களும் பதிவு எண்களும் பேனாவால் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

அந்த மென்பொருளைப் பற்றி எழுத்தில் ஒரு புகார்கூட வந்ததில்லை என்று நிர்வாகி என்னிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னது உண்மைதான்.

எங்களிடம் இருந்தது இரண்டு மாத அவகாசமும் கையைக் கடிக்கும் பட்ஜெட்டும். புதிய திரைகள் வேலைக்கு உகந்தவையா என்று அறிய நான்கு வழிகள் முன்னால் இருந்தன: திரை வடிவமைப்பு வல்லுநர்களைக் கொண்டு திரைகளை ஆய்வு செய்வது, பயனர்களை உட்காரவைத்துச் சோதிப்பது, கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் வாங்குவது, கவுன்டர் ஊழியர்களையே வடிவமைப்பில் சேர்த்துக்கொள்வது. எல்லாவற்றையும் முழுமையாகச் செய்ய எங்களுக்கு வாய்க்காது. இத்தகைய வேலையில் இருக்கும் பெரும்பாலானோருக்கும் வாய்க்காது. ஆகவே இந்த நான்கையும் ஒப்பிடும்போது நான் கையில் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: அந்தப் புள்ளியை எந்த முறை கண்டுபிடித்திருக்கும்?

யூசபிலிட்டி எனப்படும் பயன்படுதன்மைக்கு ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற சர்வதேசத் தரநிலை 1998இல் தந்து 2018இல் திருத்திய வரையறை இங்கே உதவுகிறது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட நோக்கங்களை எந்த அளவுக்குச் சரியாகவும் சிக்கனமாகவும் மனநிறைவோடும் எட்ட முடிகிறது என்பதே அதன் சாரம். ‘குறிப்பிட்ட’ என்ற சொல் மூன்று முறை வருவதைப் பலர் கவனிப்பதில்லை. எங்கள் கவுன்டர் ஊழியரைக் கடிகாரம் வைத்து அளந்திருந்தால் மிகச் சிறந்த எண்கள் கிடைத்திருக்கும். அவர் விரல்கள் அவ்வளவு வேகம். பதிவு செய்வது மட்டுமே நோக்கம் என்று கொண்டால் மென்பொருள் தேறிவிடும். ஆறு மாதம் கழித்து அதே நோயாளியை மீண்டும் கண்டுபிடிப்பதும் நோக்கம் என்று கொண்டால் அது தோற்றுவிடும். எதை அளக்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் எந்த முறையைத் தேர்ந்தாலும், கிடைக்கும் விடை அழகாக இருக்குமே தவிர உதவாது.

முதலில் வல்லுநர் ஆய்வு. யாகோப் நீல்சனும் ரோல்ஃப் மோலிச்சும் 1990இல் முன்வைத்த இந்த முறையில், இடைமுக (பயனர் கையாளும் திரை) வடிவமைப்பு அறிந்த சிலர் தனித்தனியாகத் திரைகளைப் பார்த்து, பொதுவான விதிகளோடு ஒப்பிட்டுக் குறைகளை எழுதுகிறார்கள். பிறகு பட்டியல்களை ஒன்றாக்குகிறார்கள். இன்று பலரும் மேற்கோள் காட்டும் பத்து விதிகளை நீல்சன் 1994இல் செப்பனிட்டார்: மென்பொருள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது தெரிய வேண்டும், பயனரின் மொழியில் பேச வேண்டும், செய்ததை மீட்க வழி வேண்டும் என்று அவை செல்கின்றன. ஒரே ஒருவர் பார்த்தால் இருக்கும் குறைகளில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கைத்தான் காண்கிறார் என்பதால், மூன்று முதல் ஐந்து பேரை வைத்துக்கொள்ளும்படி நீல்சனே அறிவுறுத்தினார். ஒருவரை மட்டும் அழைத்து, அவர் தந்த இருபது பக்க அறிக்கையை வேதவாக்காக எடுத்துக்கொள்வதே நம் ஊர் நிறுவனங்களில் நான் அதிகம் கண்டது.

இதன் பெரிய பலம் விலை. பயனர்களைத் தேட வேண்டாம், கவுன்டரை மூட வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தில் ராபின் ஜெஃப்ரீஸும் சகாக்களும் ஒரே மென்பொருளை நான்கு முறைகளால் மதிப்பிட்டு 1991இல் வெளியிட்ட ஒப்பீட்டில், எண்ணிக்கையில் அதிகக் குறைகளைக் கண்டது வல்லுநர் ஆய்வுதான். கடுமையான குறைகளையும் அதுவே அதிகம் கண்டது. பயனர் சோதனையோ, திரும்பத் திரும்ப வரும் கடுமையான குறைகளைப் பிடித்ததோடு, அற்பக் குறைகளில் நேரத்தை வீணாக்கவும் இல்லை. ஆனால் அந்த ஆய்வில் திரைகளைப் பார்த்தவர்கள் இத்துறையிலேயே ஊறியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. விதிகளின் பட்டியலை இணையத்திலிருந்து இறக்கி, புதிதாகச் சேர்ந்த நிரலாளர் கையில் கொடுத்தால் அதே பலன் வராது.

புள்ளியை இம்முறை பிடித்திருக்குமா? நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கவுன்டருக்குப் போவதற்கு முந்தைய வாரம் அதே திரைகளை அலுவலகத்தில் இருந்தபடி ஆய்வு செய்து நானே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். சேமிக்கும் பொத்தானுக்கு ஒட்டினாற்போல் அழிக்கும் பொத்தான் இருக்கிறது என்றும், பிழைச் செய்திகள் வெறும் எண்களாக வருகின்றன என்றும், நாள்காட்டியில் பழைய ஆண்டுக்குப் போக வெகுதூரம் உருட்ட வேண்டியிருக்கிறது என்றும் அதில் இருந்தது. மூன்றும் சரியான குறைகள்தாம். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் வழக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே ‘லாஸ்ட் நேம்’ என்ற பெட்டி கண்ணில் உறுத்தவில்லை. விமான டிக்கெட் முதல் வங்கிக் கணக்கு வரை அந்தப் பெட்டியை எதையாவது போட்டு நிரப்பிப் பழகிவிட்டேன். நாள்காட்டியை உருட்டச் சிரமம் என்று எழுதிய நான், பிறந்த தேதியே தெரியாதவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று நினைக்கவில்லை. எனவே வல்லுநர் ஆய்வை நான் வீடு கூட்டுவதற்கு ஒப்பிடுவேன். விருந்தாளி வரும் முன் கூட்டத்தான் வேண்டும். கூட்டியதனால் வீடு கட்டியதாகாது.

கேள்வித்தாளை விரைவாகக் கடந்துவிடலாம். ஜான் புரூக் 1986இல் இங்கிலாந்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கிய எஸ்.யூ.எஸ். (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்ற பத்து வாக்கியத் தாள்தான் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. ஒற்றைப்படை வாக்கியங்கள் புகழ்பவை, இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்பவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை விடை. கணக்கிட்டால் 0 முதல் 100 வரை ஓர் எண். இந்த எண் சதவீதம் அல்ல. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் சராசரி 68 அளவில் நிற்கிறது. பழைய மென்பொருளுக்கும் புதியதற்கும் இடையே ஏற்றமா இறக்கமா என்று காட்ட இது நல்ல கருவி. எங்கே குறை என்று இது ஒருபோதும் சொல்லாது. தமிழில் கொடுக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. எதிர்மறை வாக்கியத்துக்கு ‘உடன்படவில்லை’ என்று விடை சொல்வது இரட்டை மறுப்பாகிவிடுவதால், வேலைக்கு நடுவே நிரப்புபவர்கள் தடுமாறி எல்லாவற்றுக்கும் ஒரே பக்கத்தில் டிக் அடித்துவிடுகிறார்கள். எங்கள் ஊழியர்களில் ஒருவர் பத்துக்கும் 4 போட்டிருந்தார். மென்பொருள் எளிது என்றும் கடினம் என்றும் ஒரே தாளில் ஒப்புக்கொண்டவருக்கு எஸ்.யூ.எஸ். கணக்கு சரியாக 50 தரும்.

பயனர் சோதனைக்கு வருவோம். ஒருவரை மென்பொருளின் முன் உட்காரவைத்து, செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, குறுக்கிடாமல் கவனிப்பதே இதன் அடிப்படை. உளவியலில் எரிக்சனும் சைமனும் ஆய்ந்த இந்த உத்தியை ஐ.பி.எம். நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் 1982 வாக்கில் இடைமுகச் சோதனைக்குக் கொண்டுவந்தார். எத்தனை பேர் போதும் என்ற கேள்விக்கு ‘ஐந்து’ என்ற விடை ஏறக்குறைய பழமொழியாகிவிட்டது. நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் தந்த கணக்குப்படி, ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிப்படுத்துகிறார். அவ்வாறாயின் ஐந்து பேர் சேர்ந்தால் சுமார் 85 சதவீதம் வெளிவரும்.

இந்த எண்ணை நம்பித்தான் பலரும் பட்ஜெட் போடுகிறார்கள். ஆகவே அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் பெரிய வணிக இணையதளங்களைச் சோதித்து 2001இல் எழுதியபோது, முதல் ஐந்து பேர் கண்டது 35 சதவீதக் குறைகளை மட்டுமே. லாரா ஃபால்க்னர் 2003இல் செய்தது இன்னும் தெளிவானது: 60 பேரைச் சோதித்துவிட்டு, அவர்களிலிருந்து ஐந்து ஐந்து பேராகக் குலுக்கல் முறையில் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்தார். சில ஐவர் குழுக்கள் 99 சதவீதக் குறைகளைக் கண்டன; சில 55 சதவீதத்தோடு நின்றுவிட்டன. பத்துப் பேராக எடுத்தபோது மிக மோசமான குழுவும் 80 சதவீதத்தைத் தொட்டது. இருபதாக எடுத்தபோது 95. சராசரி என்னவோ ஏறத்தாழ 85தான். ஆனால் ஒரே ஒருமுறை சோதிப்பவருக்குச் சராசரியால் என்ன பயன்? அவர் கையில் விழுவது எந்த ஐவர் என்பது அதிர்ஷ்டம்.

சோதிப்பவர் மாறினாலும் முடிவு மாறுகிறது என்பதை மோலிச் தொடர்ந்து நடத்திய ஒப்பீடுகள் காட்டின. அவற்றில் ஒன்றில், ஒன்பது குழுக்கள் தனித்தனியாக ஹாட்மெயில் மின்னஞ்சல் தளத்தைச் சோதித்தன. மொத்தம் 310 வெவ்வேறு குறைகள் பட்டியலாயின. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே ஒரு குழுவின் அறிக்கையில் மட்டுமே இருந்தது. வெப்பமானி வைத்துக் காய்ச்சல் பார்ப்பது போன்றதல்ல இந்தச் சோதனை. ஒரே நோயாளியை ஒன்பது மருத்துவர்கள் பார்ப்பது போன்றது. ஐந்து பேரோடு நிறுத்துவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து பேரைச் சோதித்து, திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரைச் சோதிப்பதாக இருந்தால் ஐந்து நல்ல எண். ‘பயனர் சோதனை நடத்தியாயிற்று’ என்று கோப்பில் எழுதி மூடுவதற்கு ஐந்து போதாது. பதிவு ஊழியர், காசாளர், செவிலியர் என வேலையே வேறுபடும் இடத்தில் மூவரையும் கலந்து ஐந்து என்று எண்ணுவது அதைவிட மோசம்.

நம் ஊரில் இதற்கு மேலும் ஒரு தடை இருக்கிறது: மரியாதை. நிக்கோலா டெல், வில்லியம் தீஸ் உள்ளிட்டோர் பெங்களூரில் 450 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், காட்டப்பட்ட இரண்டில் எது கேள்வி கேட்பவர் செய்தது என்று தெரிந்தால், அதையே விரும்புவதாகச் சொல்பவர்கள் இரண்டரை மடங்கு அதிகரித்தார்கள். கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவராக இருந்தால் ஐந்து மடங்கு. கண்ணுக்குத் தெரிந்தே தரம் குறைந்ததைக் காட்டியபோதும் இந்தச் சாய்வு போகவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் மடிக்கணினியுமாக ஒருவர் வந்து நின்று ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், ‘நல்லாத்தான் சார் இருக்கு’ என்பதைத் தவிர வேறு எதைச் சொல்வார்கள்? அதில் வரும் ‘தான்’ என்ற இடைச்சொல்லில் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அறிக்கையில் அது ஏறாது.

இதைச் சமாளிக்கச் சிலர் சுவாரசியமான வழிகளைக் கண்டிருக்கிறார்கள். மும்பையில் பணியாற்றிய அபலா சவான் கையாண்ட உத்திக்கு ‘பாலிவுட் முறை’ என்றே பெயர். உங்கள் அண்ணன் மகளுக்கு நிச்சயித்திருக்கும் மாப்பிள்ளை ஒரு கூலிக்கொலையாளி என்று தெரியவந்துவிட்டது, உடனே டிக்கெட் எடுத்துப் போய்க் கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்பதைப் போன்ற கதைக்குள் பயனரை இறக்கிவிட்டால், அந்த அவசரத்தில் அவர் மரியாதையை மறந்து தளத்தைத் திட்டத் தொடங்குகிறார். எங்களுக்கு அவ்வளவு நாடகம் தேவைப்படவில்லை. இருவரை ஒரே திரையின் முன் உட்காரவைத்தோம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லூசி சச்மன் நகலெடுக்கும் இயந்திரத்தைப் பற்றி ஆராய்ந்தபோது செய்ததும் இதுதான்: இருவர் சேர்ந்து திணறும்போது அவர்கள் தமக்குள் இயல்பாகப் பேசிக்கொள்வார்கள், அந்நியருக்காக வாய்விட்டு யோசிக்க வேண்டியதில்லை. எங்கள் கவுன்டரில் இளையவர் மூத்தவரிடம், ‘அக்கா, அது இல்லக்கா, அத அமுக்குனா எல்லாம் போயிரும், போன வாரமே போச்சுல்ல’ என்றார். நேருக்கு நேர் கேட்டபோது இருவரும் ‘பிரச்சினை ஒன்றும் இல்லை’ என்று சொன்னவர்கள்தாம்.

இவ்வளவு செய்தும் சோதனையில் புள்ளி வெளிப்படவில்லை. காரணம் எங்கள் தாளில் இருந்தது. கற்பனை நோயாளிகளுக்காக நாங்கள் அச்சிட்டுக் கொடுத்த சீட்டுகளில் முழுப் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. அப்படிப்பட்ட நோயாளி வரிசையில் பத்தில் ஒருவர்தான் வருவார். சோதனைக்காக நாம் எழுதும் வேலைக்குறிப்பு உலகைச் சலவை செய்துவிடுகிறது. சலவையில் போன கறையைச் சோதனையில் தேடிப் பயனில்லை.

நான்காவது வழியான பங்கேற்பு வடிவமைப்பு மற்ற மூன்றோடு ஒரே தட்டில் வைக்கத் தக்கதல்ல என்பது என் எண்ணம். மற்றவை ஏற்கெனவே இருக்கும் திரையை மதிப்பிடுகின்றன. இது திரை என்னவாக இருக்க வேண்டும் என்பதையே கேட்கிறது. இதன் தொடக்கம் திரைகளில் இல்லை, தொழிற்சங்கத்தில் இருக்கிறது. 1970களின் முற்பகுதியில் நார்வேயில் கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி அறிஞர் இரும்பு மற்றும் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைக்குள் கணினி வரும்போது அதைப் பற்றி முடிவெடுப்பதில் தொழிலாளிக்கு என்ன இடம் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. 1976இல் ஸ்வீடனிலும் 1977இல் நார்வேயிலும் வந்த சட்டங்கள் அந்த இடத்துக்கு வலுச் சேர்த்தன. 1981 முதல் 1985 வரை நடந்த உடோப்பியா திட்டத்தில், பெல்லே ஏன், மார்டன் கிங் முதலான ஆய்வாளர்களும் ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர்களும் செய்தித்தாள் பக்க அமைப்புக்கான கணினிக் கருவிகளை வடிவமைத்தார்கள். வரைபடங்களும் விவரணைகளும் அச்சுத் தொழிலாளர்களிடம் எடுபடவில்லை. அட்டைப்பெட்டியை லேசர் அச்சுப்பொறியாகவும், ஒட்டுப் பலகையையும் காகிதத்தையும் திரையாகவும் வைத்து வேலையைச் செய்து காட்டச் சொன்னபோதுதான் அவர்களின் கைகள் பேசின. ஆஸ்லோவில் 1984 முதல் 1987 வரை நடந்த ஃபுளோரன்ஸ் திட்டம் செவிலியர்களோடு இதையே செய்தது. அமெரிக்காவில் பெல்கோர் நிறுவனத்தின் மைக்கேல் முல்லர் 1991இல் இதை மேசை மீது சுருக்கினார்: வண்ணக் காகிதம், ஒட்டுத்தாள், பேனா, மேலே ஒரு வீடியோ கேமரா. நிரலாளருக்கு மட்டும் கைவந்த கருவி எதுவும் மேசையில் இல்லாததால், அங்கே எல்லோரும் சமம்.

நாங்கள் தடித்த சார்ட் காகிதத்தில் திரையை வரைந்து, ஒவ்வொரு பெட்டியையும் தனித் துண்டாக வெட்டிப் பரப்பினோம். பதிவு ஊழியர் இருவர், காசாளர், குழந்தைகள் பிரிவுச் செவிலியர் என நால்வர். முதல் அமர்வில் நிர்வாகியும் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு துண்டும் இடம் மாறவில்லை. இரண்டாம் அமர்வுக்கு அவரைத் தயங்கித் தயங்கி வெளியே இருக்கும்படி கேட்டுக்கொண்டோம். மூத்த பதிவு ஊழியர் முதல் வேலையாக ‘லாஸ்ட் நேம்’ துண்டை எடுத்து மேசைக்கு வெளியே வைத்தார். தொலைபேசி எண்ணைக் கீழிருந்து எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். ‘இங்க போன் நம்பர்தான் சார் பேரு’ என்றார். ஒரே எண்ணில் ஒரு குடும்பமே வருமே என்று கேட்டதற்கு, வந்தால் என்ன, ஐந்து பேரையும் வயதோடு வரிசையாகக் காட்டுங்கள், முகத்தைப் பார்த்து நான் எடுத்துக்கொள்வேன் என்று பதில் வந்தது. நீள நோட்டு அப்படித்தான் இருந்தது. இருபது நிமிடங்களில் அது திரையாகிவிட்டது.

பிறந்த தேதித் துண்டையும் அவர் அகற்றப் போனபோது செவிலியர் கையைப் பிடித்தார்: ‘குழந்தைன்னா தேதி கட்டாயம் வேணும்க்கா, தடுப்பூசிக் கணக்கு அதுலதான் ஓடுது.’ பெரியவர்களுக்கு வயது மட்டும், குழந்தைகளுக்குத் தேதி என்று இருவரும் அங்கேயே முடிவு செய்தார்கள். வயதை எண்ணாக மட்டும் சேமித்தால் அடுத்த ஆண்டு அது பொய்யாகிவிடும், கேட்ட நாளையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை, நாங்கள் சொன்னோம். பயனரே எல்லாவற்றையும் அறிவார் என்பதும் மூடநம்பிக்கைதான். அவர்கள் அறிந்தது நேற்றைய நோட்டை; அதையே திரையில் கேட்பார்கள். காசாளர் தன் பழைய ரசீதுப் புத்தகத்தின் கோடுகள்கூட மாறக் கூடாது என்று வாதிட்டார், அதை ஏற்காமல் விட்டோம். அறைக்குள் வராதவர்களின் தேவை மேசைக்கு வருவதில்லை என்பது இன்னொரு குறை. எங்கள் மேசையில் நோயாளி யாரும் இல்லை.

செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். காகிதமும் கத்தரிக்கோலும் சில நூறு ரூபாய். உண்மையான செலவு கவுன்டரில் மாற்று ஆள் போடுவது. நான்கு அரைநாள்கள் நால்வரை விடுவிக்க நிர்வாகம் எளிதில் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லலாமே என்றது. ஸ்காண்டிநேவியாவில் சட்டமும் சங்கமும் சேர்ந்து பெற்ற இடத்தை இங்கே ஊழியரின் விடுமுறை நாளிலிருந்து கடன் வாங்குவது நியாயமில்லை. வேலை நேரத்திலிருந்து நேரம் ஒதுக்க முடியாத நிறுவனம், தன் பயனர் சோதனையைப் பங்கேற்பு என்று அழைக்காமல் இருப்பதே நேர்மை.

அதே மருத்துவமனை, நோயாளிகள் தாமே டோக்கன் எடுத்துக்கொள்ளும் தொடுதிரை ஒன்றையும் கேட்டது. அங்கே என் தேர்வு முற்றிலும் வேறு. கவுன்டர் ஊழியர் நாள் முழுவதும், ஆண்டுக்கணக்கில் அதே திரையோடு வாழ்கிறார். டோக்கன் எடுப்பவர் எப்போதோ ஒருமுறை, வலியோடும் அவசரத்தோடும் வருகிறார். அவரை நான்கு அமர்வுகளுக்கு அழைப்பது நடக்காத காரியம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டிக்காக ஜான் கூல்டும் ஐ.பி.எம். குழுவும் செய்த குரல்செய்தி அமைப்பு இதற்கு நல்ல முன்னுதாரணம். முதலில் அமைப்பை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதை விவரிக்கும் காட்சிக்குறிப்புகளை அச்சிட்டுக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். பிறகு மாதிரி இயந்திரத்தைத் தம் ஆய்வகத்தின் நடைகூடத்திலேயே வைத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் தொட்டுப் பார்க்கவிட்டு, நாள்தோறும் திருத்தினார்கள். போட்டி நடந்த நாள்களில் அது 40,000 முறைக்கு மேல் பயன்பட்டது. எழுத்தறியாதவருக்கான படங்கள் பற்றி இந்திராணி மேதியும் சகாக்களும் பெங்களூரில் வீட்டு வேலை செய்யும் பெண்களோடு கண்டறிந்ததும் இத்தகைய நேரடிக் கவனிப்பில் வந்ததுதான்: வெறும் குழாயின் படம் ஒரு பொருளாகவே தெரிந்தது, குழாயிலிருந்து தண்ணீர் விழுவதாக வரைந்த பிறகே கழுவும் வேலை என்று புரிந்தது. இதை எந்த விதிப் பட்டியலிலிருந்தும் ஊகித்திருக்க முடியாது. ஆகவே டோக்கன் திரையைக் காத்திருப்போர் கூடத்திலேயே, அரைகுறையாக இருக்கும்போதே வைத்து, பலரோடு சிறு சிறு சோதனைகளாகச் செய்யுங்கள் என்றேன்.

கையில் பணம் ஒரு வழிக்கு மட்டுமே என்றால் நான் எப்படித் தேர்வேன்? திரை இன்னும் வரையப்படவில்லை, பயன்படுத்தப்போவோர் யாரென்று பெயர் சொல்லித் தெரியும், அவர்கள் நாள் முழுவதும் அதில் வேலை செய்வார்கள் என்றால் தயங்காமல் பங்கேற்பு. திரை எழுதி முடிந்துவிட்டது, ஓரளவு மாற்றலாம் என்றால் பயனர் சோதனை. அதுவும் உண்மையான வரிசையிலிருந்து எடுத்த விவரங்களோடு, இருவர் இருவராக, இரண்டு சுற்று. வெளியீட்டுக்கு ஒரு வாரமே இருக்கிறது, பொத்தான்களையும் சொற்களையும்தான் மாற்ற முடியும் என்றால் மூன்று பேர் செய்யும் வல்லுநர் ஆய்வு போதும். கேள்வித்தாளைத் தனியாக எப்போதும் தேர்வதில்லை. பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டிய நாளில் பத்து நிமிடம் ஒதுக்குவேன். எதைத் தேர்ந்தாலும், அதற்கு முன் ஒரு முற்பகலாவது கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்காருவதை மட்டும் எந்தப் பட்ஜெட்டிலும் வெட்ட மாட்டேன்.

எங்கள் திரையில் ‘லாஸ்ட் நேம்’ போய், அமர்வில் முடிவானபடி ‘தகப்பனார் / கணவர் பெயர்’ என்ற பெட்டி வந்தது. கட்டாயப் பெட்டிதான், ஏனெனில் அது இல்லாமல் ஒரே பெயருடைய இருவரைப் பிரிக்க முடியாது என்று நால்வரும் சொல்லியிருந்தார்கள். திரை பயன்பாட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் மறுபடி போய் உட்கார்ந்தேன். அமர்வுகள் முடிந்த பிறகு வேலைக்குச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் கவுன்டரில் இருந்தார். பாதி நினைவோடு இருந்த ஒரு மூதாட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். கணவர் பெயரைக் கேட்டதற்கு, ‘எங்களுக்குத் தெரியாதும்மா, தனியாத்தான் இருக்காங்க’ என்றார். அந்தப் பெண் ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு பெட்டியில் ஒரு புள்ளியை வைத்துச் சேமித்துவிட்டு, சக்கர நாற்காலிக்காகக் குரல் கொடுத்தார்.